வலி மாத்திரை, பவுடர் பழக்கத்துக்கு மருந்து சிகிச்சை: முதல் தடவை போகிறவர்களுக்கு

வீட்டில் ஒருவர் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறார், அல்லது பவுடர் (ஹெராயின்) அடிக்கிறார் என்று தெரியவந்ததும் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு வாரம் அழுகை, சண்டை, தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவது, அப்புறம் போனில் 'மறுவாழ்வு மையம்' என்று தேடி முதலில் வருகிற நம்பருக்கு அழைப்பது. அந்த நம்பரை அழுத்தும் முன் கொஞ்ச நேரம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். இந்த வகைப் பழக்கத்துக்கு மருந்து இருக்கிறது, அது நன்றாக வேலை செய்கிறது, அரசு மருத்துவமனைகளிலும் அரசு மையங்களிலும் இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும். 'அடைத்து வைத்தால் சரியாகிவிடும்' என்று சொல்கிற பத்து பேருக்கு நடுவில் மருந்தைப் பற்றிச் சொல்கிறவர் ஒருவர்கூட இருப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எந்தப் பழக்கம் என்று உறுதி செய்யுங்கள்

செய்தித்தாளில் எல்லாவற்றையும் 'போதை மாத்திரை' என்று ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். சிகிச்சைக்கு அது உதவாது. இங்கே நான் பேசுவது ஓபியாய்டு வகையைப் பற்றி மட்டும்: ஹெராயின், அதன் மலிவான வடிவமான பிரவுன் சுகர், அபின், மார்ஃபின், கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், இப்போது நம் ஊர்களில் அதிகம் பிடிபடுகிற டேபென்டடால் என்கிற வலி மாத்திரை. கஞ்சா, சாராயம், மெத் (மெத்தம்பெட்டமைன்) ஆகியவற்றுக்கு வைத்தியம் வேறு. நைட்ராசிபாம், அல்பிரசோலாம் போன்ற தூக்க மாத்திரைகளும் வேறு ரகம்தான், ஆனால் இளைஞர்கள் பலர் டேபென்டடாலோடு அவற்றையும் சேர்த்துப் போடுகிறார்கள். இதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. தூக்க மாத்திரைப் பழக்கத்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சிகிச்சை மருந்தோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம்.

சந்தேகம் இருந்தால், அந்தப் போதைப் பொருள் கிடைக்காத நேரத்தில் உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஓயாமல் கொட்டாவி, மூக்கும் கண்ணும் ஒழுகுவது, மயிர்க்கூச்சம், வியர்வை, வயிற்றுப்போக்கு, கைகால் குடைச்சல், தூக்கமே இல்லாமல் புரளுவது, கண்மணி பெரிதாக விரிந்திருப்பது. ஃபுளூ காய்ச்சல் மாதிரி தெரியும். மறுபடி போட்டுக்கொண்ட கொஞ்ச நேரத்தில் எல்லாம் காணாமல் போகும். மருத்துவர்கள் இதை வித்ட்ராயல் என்பார்கள். அந்த வேதனைக்குப் பயந்துதான் பாதி பேர் தொடர்ந்து போடுகிறார்கள், சுகத்துக்காகப் போட்ட காலம் எப்போதோ முடிந்திருக்கும். வீட்டில் உள்ளவர்கள் இதைப் புரிந்துகொண்டால் 'உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை' என்கிற வசனம் தானாக நின்றுவிடும்.

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, விழுங்குவதா புகையா ஊசியா, எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது. காலி அட்டை கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், பத்திரமாக வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு நோய்க்குச் சாப்பிடுகிற மாத்திரை இருந்தால் அந்தச் சீட்டும் வேண்டும்.

மருந்துகள் மூன்று

புப்ரினார்ஃபின். நம் நாட்டில் பெரும்பாலும் கொடுப்பது இதைத்தான், தனியாகவோ நலோக்சோன் (ஓபியாய்டு அளவு மீறினால் கொடுக்கிற மாற்று மருந்து) கலந்தோ. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை. இது எப்படி வேலை செய்கிறது என்றால், பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அந்த மாதிரி, மூளையில் ஹெராயினோ டேபென்டடாலோ போய் உட்காருகிற இடங்களில் இது முன்கூட்டியே துண்டைப் போட்டுவிடுகிறது. வித்ட்ராயல் வராது, ஏக்கம் அடங்கும், மேலே பவுடர் போட்டாலும் பழைய கிறக்கம் கிடைக்காது. அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஒரு கட்டத்துக்கு மேல் இதன் விளைவு ஏறாது, அதனால் மற்ற ஓபியாய்டுகளை விட மூச்சு நின்றுபோகும் ஆபத்து குறைவு. மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்த்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு பறிபோகும்.

மெத்தடோன். திரவமாகத் தருவார்கள், தினம் ஒரு தடவை, ஊழியர் கண்முன்னே குடிக்க வேண்டும். புப்ரினார்ஃபினில் நிற்க முடியாதவர்களுக்கு நல்ல மருந்து, ஆனால் இந்தியாவில் 2012 வாக்கில்தான் வந்தது, மையங்கள் குறைவு.

நால்ட்ரெக்சோன் மூன்றாவது. இது போதையைத் தடுக்கும், ஏக்கத்தையும் வேதனையையும் பெரிதாகத் தணிக்காது. ஏழிலிருந்து பத்து நாள் எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருந்த பிறகுதான் ஆரம்பிக்க முடியும், இல்லாவிட்டால் கடுமையான வித்ட்ராயலைக் கொண்டுவந்துவிடும். தினமும் விழுங்கச் சொன்னால் பலர் சில வாரங்களில் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் கண்காணித்துக் கொடுக்க, இவரும் மனமுவந்து சாப்பிட, நன்றாக இருக்கிறவர்கள் உண்டு. எல்லோருக்கும் முதல் தேர்வு என்று இதை நான் சொல்ல மாட்டேன்.

புப்ரினார்ஃபினும் மெத்தடோனும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. இந்தச் சிகிச்சையில் தொடர்ந்து இருக்கும் காலத்தில் சாவு விகிதம், சிகிச்சைக்கு வெளியே இருக்கும் காலத்தோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய பாதியாகவோ அதற்கும் கீழோ குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பிரான்ஸில் 1995-இல் குடும்ப மருத்துவர்களே புப்ரினார்ஃபின் எழுதிக்கொடுக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அடுத்த நான்கு வருடங்களில் அளவு மீறிச் சாகிறவர்கள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தார்கள்.

வெறுமனே அடைத்து வைப்பதில் என்ன ஆபத்து

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஓபியாய்டு போடுகிறவரின் உடம்பு பெரிய அளவைத் தாங்கப் பழகியிருக்கும். முதல் நாள் போட்டிருந்தால் ஆளையே கொன்றிருக்கக்கூடிய அளவு இப்போது சாதாரணமாக இறங்கும். முப்பது நாளோ தொண்ணூறு நாளோ ஓர் அறையில் அடைத்து வைத்தால் அந்தத் தாங்கும் சக்தி உடம்பிலிருந்து போய்விடுகிறது, ஏக்கம் மட்டும் போகாமல் இருக்கிறது. வெளியே வந்த வாரத்தில் பழைய நண்பன் ஒருவன் கூப்பிடுகிறான், இவரும் பழைய கணக்கிலேயே ஏற்றிக்கொள்கிறார், மூச்சு நின்றுவிடுகிறது. சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கும் இதே கதை. ஆகவே மருந்து எதுவும் தராமல் நச்சை மட்டும் நீக்கி அனுப்புவதைச் சிகிச்சை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதற்குப் பிறகு வரும் சில வாரங்கள்தான் மிக மோசமான ஆபத்துக் காலம்.

இன்னொன்று, சில தனியார் மையங்கள் பணம் வாங்கிக்கொண்டு நடு ராத்திரி வண்டியில் நாலு பேரை அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற வழக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த நோய்களையும் சேர்த்தே பேசுகிறது. அதன்படி மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது, சம்மதம் இல்லாத சேர்க்கைக்கு மருத்துவர்களின் பரிசோதனை உட்பட தனி நடைமுறை உண்டு. எல்லா மையமும் மோசம் என்று சொல்லவில்லை, நல்ல ஆலோசகர்கள் இருக்கிற இடங்கள் உண்டு. ஆனால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள், புப்ரினார்ஃபின் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு 'நாங்கள் மருந்தே கொடுப்பதில்லை, மனசை மாற்றுகிறோம்' என்று பெருமையாகப் பதில் வந்தால், ஓபியாய்டு ஆளை அங்கே விடாதீர்கள்.

எங்கே போவது

பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஓ.பி. என்பதுதான் என் முதல் பதில். காலையிலேயே போய்ச் சீட்டு போட்டுவிடுங்கள், மதியத்துக்கு மேல் ஓ.பி. இருக்காது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் போதை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உண்டு. 2025-இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 இடங்களில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளிலேயே திறந்தது, உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கர்நாடக எல்லையோரம் இருக்கிறவர்களுக்கு பெங்களூரு நிமான்ஸ், விழுப்புரம், கடலூர் பக்கத்தவர்களுக்கு புதுச்சேரி ஜிப்மர்.

ஊசி போடுகிறவராக இருந்தால் இன்னொரு வாசலும் இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்துகிற ஓ.எஸ்.டி. மையங்கள், அதாவது ஓபியாய்டுக்குப் பதிலாகச் சிகிச்சை மருந்து கொடுக்கிற மையங்கள். பகிர்ந்த ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்கத்தான் அந்தத் திட்டமே வந்தது, அதனால் ஊசி போடுகிற 18 வயது நிறைந்தவர்களுக்கே முன்னுரிமை. புகையாகப் பிடிக்கிறவரையோ விழுங்குகிறவரையோ அங்கே சேர்க்கத் தயங்கலாம். அப்படித் திருப்பி அனுப்பினால் மனம் தளராமல் மனநலப் பிரிவுக்குப் போங்கள், மருந்து ஒன்றேதான், திட்டம்தான் வேறு.

போன் நம்பர்கள்: போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். ஓ.எஸ்.டி. மையமும் எச்.ஐ.வி. பரிசோதனையும் எங்கே என்று கேட்க 1097. மூன்றும் கட்டணமில்லாதவை.

போகும் முன் போனிலோ நேரிலோ இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். 'புப்ரினார்ஃபின் இப்போது இருப்பில் இருக்கிறதா?' 'பத்து நாள் கொடுத்து நிறுத்துவீர்களா, மாதக்கணக்கில் தொடர்ந்து தருவீர்களா?' இரண்டாவதற்குத் 'தொடர்ந்து தருவோம்' என்ற பதில்தான் நமக்கு வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள், போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிற மருந்து, கடைகளில் பொதுவாக வைத்திருக்க மாட்டார்கள். கொடுமை என்னவென்றால், ஆளைக் கெடுத்த டேபென்டடாலைச் சீட்டே இல்லாமல் விற்கிற கடை ஊருக்கு ஒன்று இருக்கும்.

முதல் நாள்

இதுதான் பலர் சறுக்குகிற இடம். புப்ரினார்ஃபினை ஆரம்பிக்க ஆள் லேசான வித்ட்ராயலோடு இருக்க வேண்டும். போதை உடம்பில் நிறைந்திருக்கும்போது கொடுத்தால், அது இருக்கிறதை எல்லாம் ஒரேயடியாகத் தள்ளிவிட்டு உட்காரும், அரை மணி நேரத்தில் பயங்கரமான வித்ட்ராயல் வந்துவிடும், 'அந்த மாத்திரை என்னைக் கொல்லப் பார்த்தது' என்று ஓடிப்போனவர் திரும்பி வரமாட்டார். ஆகவே ஹெராயினாக இருந்தால் கடைசியாகப் போட்டு குறைந்தது பன்னிரண்டு மணி நேரம், மெதுவாகக் கரைகிற வகை மாத்திரையாக இருந்தால் ஒரு நாள் வரை, மெத்தடோனாக இருந்தால் அதற்கும் மேல். நடைமுறையில் சொன்னால், முந்தின நாள் சாயங்காலத்தோடு நிறுத்திவிட்டு, காலையில் கொட்டாவியும் மூக்கொழுகலுமாக ஓ.பி.க்கு வர வேண்டும். 'வைத்தியத்துக்குப் போகிறோமே, கடைசியாக ஒரு தடவை' என்று காலையில் போட்டுக்கொண்டு வந்தால் அன்றைக்கு வேலை நடக்காது. போட்டிருந்தால் பொய் சொல்லாதீர்கள், மறுநாள் வரச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

முதலில் வழக்கமாக 2 அல்லது 4 மில்லிகிராம் கொடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் கூட்டுவார்கள். நாக்குக்கு அடியில் வைத்ததும் பேசக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, எச்சிலை விழுங்கவும் கூடாது, முழுக்கக் கரைய ஐந்து பத்து நிமிடம் ஆகும். விழுங்கிவிட்டால் பெரும்பகுதி வீண். கரைந்த பிறகு வாய் கொப்பளியுங்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பல் தேயுங்கள், பற்களுக்கு நல்லது. சரியான அளவு வர சில நாட்கள் ஆகும். ராத்திரியில் குடைச்சல் இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது என்றால் அளவு போதவில்லை என்று அர்த்தம், மறுநாள் வாயைத் திறந்து சொல்லுங்கள். பயத்தில் குறைந்த அளவிலேயே நிறுத்தி வைக்கிற மருத்துவர்களும் உண்டு, அந்த நிலையில்தான் பலர் ஒரு பக்கம் மாத்திரை, மறு பக்கம் பவுடர் என்று ஓட்டுகிறார்கள். மலச்சிக்கல், தலைவலி, வியர்வை வரலாம், பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை.

வழியில் வருகிற முட்டுக்கட்டைகள்

தினமும் வரச் சொல்வது. ஆரம்பத்தில் பல மையங்களில் கண்முன்னேதான் கொடுப்பார்கள். கூலி வேலைக்கு ஏழு மணிக்கே கிளம்புகிறவர் பத்து மணிக்கு எப்படி வரிசையில் நிற்பார்? சிகிச்சையை விட்டு ஓடுகிறவர்களில் பலர் ஏக்கத்தால் ஓடவில்லை, மேஸ்திரி திட்டியதால் ஓடினார்கள். 2020-இல் ஊரடங்கின்போது ஓ.எஸ்.டி. மையங்களில் சில நாட்களுக்கான மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்ப வழி செய்தார்கள், நிலையாக இருக்கிறவர்களுக்கு இப்போதும் அதைக் கேட்கலாம். வீட்டில் பொறுப்பாக ஒருவர் பூட்டி வைத்துக் கொடுப்பார் என்று கூடவே போய்ச் சொன்னால் மருத்துவருக்கு நம்பிக்கை வரும். வேலைக்காக வெளியூர் போவதாக இருந்தால் நாலு நாள் முன்னாடியே சொல்லி, அந்த ஊர் மையத்துக்கு மாற்றல் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

போலீஸ் பயம். சிகிச்சைக்கு வருகிறவரைப் பற்றிப் போலீசுக்குச் சொல்வது மருத்துவமனையின் வேலை இல்லை, ரகசியம் காப்பது அவர்கள் சட்டக் கடமை. ஏற்கெனவே வழக்கு இருந்தால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: சொந்த உபயோகம் அல்லது சிறிய அளவு சம்பந்தமான வழக்கில் உள்ளவர், அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கு நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அது பறிபோகலாம். ஹெராயினுக்குச் 'சிறிய அளவு' என்பது 5 கிராம் வரை. வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் 15100-க்கு அழைத்து இலவசச் சட்ட உதவி கேளுங்கள்.

'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே.' இதைச் சொல்லாத மாமா, சித்தப்பா கிடையாது, சில சமயம் ஆஸ்பத்திரி ஊழியரே சொல்வார். சரியான அளவில் புப்ரினார்ஃபின் எடுக்கிறவர் கிறங்கிப் போவதில்லை. காலையில் மாத்திரை வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார், சம்பளத்தை வீட்டில் கொடுக்கிறார், நரம்பு தேடுவதில்லை, பவுடருக்காக நகையை அடகு வைப்பதில்லை. உடம்பு மருந்தைச் சார்ந்திருப்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாழ்க்கை தறிகெட்டு ஓடுவதுதான் நோய், அது நின்றுவிட்டது. சொந்தக்காரர்களிடம் இந்த விவாதத்தில் ஜெயிப்பது கஷ்டம், ஆறு மாதம் கழித்து ஆளைப் பார்த்து அவர்களே பேச்சை மாற்றுவார்கள்.

பெண்களுக்கு எல்லாமே இரட்டிப்புக் கஷ்டம். வரிசையில் நிற்பது முழுக்க ஆண்கள், வீட்டில் சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம். டெலி மானஸில் முதலில் பேசி, பெண் மருத்துவர் இருக்கிற நாளைக் கேட்டுப் போகலாம். கர்ப்பமாக இருந்தால் பயந்து சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அது குழந்தைக்கும் ஆபத்து. கர்ப்ப காலத்தில் புப்ரினார்ஃபினோ மெத்தடோனோ தொடர்வதுதான் மருத்துவ வழிமுறை. பிறந்த குழந்தைக்கு வித்ட்ராயல் வரலாம், அதற்கும் வைத்தியம் உண்டு, பிரசவ டாக்டரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவே.

செலவைப் பற்றி ஒரு வரி: தனியாரில் சேர்த்தால், மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது, பாலிசியில் போதைப் பழக்கத்தை விலக்கி வைத்திருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள்.

2019-இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு, ஓபியாய்டு பழக்கத்துக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் நாட்டில் சுமார் 77 லட்சம் பேர் என்றது. பஞ்சாபில் நூற்றுக்கணக்கான ஓ.பி. மையங்களில் இந்த மருந்தைக் கொடுக்கிறார்கள், நம் பக்கம் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே இருப்பு இல்லை, டாக்டர் லீவு என்கிற பதில்கள் வரும். அன்றைக்கே இன்னொரு மருத்துவமனையின் பெயரை அவர்களிடமே எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், ஆளின் மனது மாற ஒரு ராத்திரி போதும்.

மூச்சு மந்தமானால்

எழுப்பினால் எழவில்லை, உதடும் நகமும் நீலம் பாரிக்கிறது, குறட்டை மாதிரி கரகரப்பு, கண்மணி குண்டூசி முனை அளவு என்றால் உடனே 108. தலையைப் பின்னால் சாய்த்து வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், மூச்சு தானாக வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தண்ணீர் தெளிப்பது, உப்புத் தண்ணீர் புகட்டுவது, குளிக்க வைப்பது எதுவும் வேண்டாம். வருகிறவர்களிடம் 'ஓபியாய்டு போட்டிருக்கிறார்' என்று ஒளிக்காமல் சொல்லுங்கள், அதற்கு மாற்று மருந்து நலோக்சோன், அதைக் கொடுத்தால் நிமிடங்களில் மூச்சு திரும்பும். விளைவு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று உடனே வீட்டுக்குக் கூட்டி வரக்கூடாது. இன்னும் போதையை விடாதவராக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள், தனியாக, கதவைத் தாழிட்டுக்கொண்டு போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

எத்தனை நாள்

முதல் மாதத்திலேயே 'எப்போது நிறுத்தலாம்' என்று கேட்பார்கள், ஆளை விட அப்பா அம்மாதான் அதிகம் கேட்பார்கள். குறைந்தது ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பலருக்கு அதற்கும் மேல், சிலருக்குப் பல வருடம். இதற்கிடையில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள், ஊசி பகிர்ந்தவர்களுக்கு இது கட்டாயம். ஹெபடைடிஸ் சி இருந்தால் பெரும்பாலானோருக்கு மூன்று மாத மாத்திரையில் குணமாகிறது, 2018 முதல் அரசுத் திட்டத்தில் அதுவும் இலவசம். ஆலோசகரிடம் பேசுவது நல்லது, ஆனால் கவுன்சிலிங்குக்கு வராவிட்டால் மாத்திரை கிடையாது என்று யாராவது சொன்னால் மருத்துவரிடம் முறையிடுங்கள்.

நடுவில் ஒரு நாள் வழுக்கி மறுபடி போட்டுவிட்டால் சிகிச்சையை நிறுத்தக் கூடாது, அளவைப் பார்க்க வேண்டிய நேரம் அது. சில நாட்கள் மாத்திரை விட்டுப்போயிருந்தால் பழைய அளவை நீங்களாக எடுக்காமல் மையத்தில் காட்டுங்கள். நிறுத்துகிற காலம் வந்தால் மாதக்கணக்கில், துளித்துளியாகக் குறைப்பார்கள். குறைக்கும்போது தூக்கம் கெட்டாலோ ஏக்கம் தலைதூக்கினாலோ அதற்கு முந்தின அளவுக்குத் திரும்பிப் போகலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஓ.பி. சீட்டையும் பதிவு எண்ணையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நிறுத்தி ஒரு வருடம் கழித்துத் தேவைப்பட்டாலும் அந்த எண்ணைச் சொன்னால் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்க்க வசதியாக இருக்கும்.